மில் தெருவில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் மண்ணை விசாரியுங்கள்

பாபநாசம், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், மன்னார்குடி என்று காவிரி டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் ஓடாமல் நிற்கிற ஒரு பழைய ரைஸ் மில்லைப் பார்த்துவிடலாம். புகைபோக்கியில் அரசங்கன்று முளைத்திருக்கும், நெல் காயப்போட்ட சிமெண்டுக் களம் வெடித்துக் கிடக்கும், சுற்றிலும் இரண்டு மூன்று தெருவில் ஓட்டு வீடுகள் இருக்கும். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டதால் அந்த வீடுகள் ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. கடைத்தெருவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தே போய்விடலாம் என்பதால், வேலையை முடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் வர நினைப்பவர்களுக்கு நான் இந்தத் தெருக்களைத்தான் சொல்வேன். ஆனால் திண்ணையையும் முற்றத்தையும் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

டெல்டாவில் வீடு ஒருவருடையது, வீடு நிற்கிற மண் இன்னொருவருடையது என்பது ரொம்ப சகஜம். அடிமனை என்பார்கள். மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், சில ஊர்களில் வக்ஃபுக்குச் சொந்தம். மேலே கட்டியிருப்பவர் வாடகை கட்டி வருவார், அல்லது தாத்தா காலத்தில் கட்டியதோடு விட்டிருப்பார். விற்பவர் வீட்டுவரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாம் தன் பேரில்தான் இருக்கிறது என்று எடுத்து வைப்பார். அந்தக் காகிதங்கள் எதுவும் மண்ணுக்குச் சாட்சி ஆகாது. பட்டாவையும், எந்த நிலம் யாருடையது என்று கிராமக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டையும் பாருங்கள், டவுன் எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் ‘அருள்மிகு’ என்று ஒரு பெயர் தொடங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1959-ஆம் வருட அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்க முடியாது, 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. ‘மேல்கட்டடம் மட்டும்’ என்று எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு பேங்க் லோன் கேட்டுப் போனால் கிடைப்பது கஷ்டம்.

பட்டா சொந்தப் பெயரில் இருக்கிறது என்றால் அடுத்தது வில்லங்கம். பதிவுத் துறை தளத்தில் பெரும்பாலும் 1975-லிருந்து இலவசமாகப் பார்க்கலாம், அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும், பழைய வீட்டுக்கு இது கட்டாயம். கூட்டுப் பட்டாவா, பாகப்பிரிவினை நடந்ததா என்று கேளுங்கள். கல்யாணமாகிப் போன பெண்களின் கையெழுத்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அத்தை ஒருத்தர் பத்து வருடம் கழித்து வந்து கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும்.

மில்லையே இடித்து மனை போட்டு விற்கிறார்கள் என்றால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா, மில்லை அடமானம் வைத்து வாங்கிய கடன் தீர்ந்து ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா, மூன்றுக்கும் காகிதம் வாங்குங்கள். அப்புறம் அந்தத் தெரு டீக்கடையில் உட்காருங்கள். மில்லில் நெல் அவித்த, மூட்டை தூக்கிய பெரியவர்கள் அங்கே வருவார்கள். நெல் ஊறவைத்த தொட்டி எங்கே இருந்தது, பாய்லர் சாம்பலை எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். உமிச்சாம்பல் கொட்டித் தூர்த்த பள்ளத்தின் மேல் அஸ்திவாரம் போட்டால் அது இறங்கும். சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் சொல்லிவிட்டு ஆள் வைத்து ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். கறுப்பாகப் பொலபொலவென்று வந்தால் வேறு மனை பாருங்கள்.

முடிந்தால் அதே தெருவில் ஐப்பசியிலிருந்து மாசி வரை வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். இதைவிட உபயோகமான யோசனை என்னிடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தூர்ந்து கிடக்கிறது எல்லாம் கண்ணாலேயே தெரிந்துவிடும். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை. பக்கத்தில் இன்னும் ஓடுகிற மில் ஒன்று இருந்தால் ராத்திரி பூரா லாரி வரும், நெல் அவித்த தண்ணீர் சாக்கடையில் புளித்து நாறும், மாடியில் காயப்போட்ட வேட்டியில் உமிக்கரி பொட்டுப் பொட்டாக விழும். வாடகைக்கு இருக்க வழியில்லை என்றால், பார்க்கப் போகிற அன்றைக்கு எதிர்வீட்டு ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். விரல் கறுத்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அதை அலட்சியம் பண்ண வேண்டாம்.

வீட்டுக்குள் போகும்போது தெருவிலிருந்து படி ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா என்று பாருங்கள். பழையதைச் சுரண்டாமல் ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. நிலைப்படியின் அடியிலும், ஓட்டைத் தாங்குகிற பனஞ்சட்டம் சுவரில் நுழைகிற இடத்திலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், கரையான் முதலில் பிடிப்பது அங்கேதான். டெல்டாக் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் மயிரிழை வெடிப்பு எந்த வீட்டிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, விரல் நுழைகிற அளவுக்குப் போகிற வெடிப்புதான் செலவு வைக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசச் சொல்கிற கொத்தனாரை விட்டுவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் (ஓதம்) உள்ளேயே நிற்கும்.

செலவுக் கணக்கில் பத்திரத்தை மறக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் தனியாக வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு.

இன்னொன்று, மில் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கச் சுவர் பொதுச்சுவரா தனிச்சுவரா, அதன் மேல் மாடி எழுப்ப யாருக்கு உரிமை, கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது என்பதையெல்லாம் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வேயர் அளக்க வரும் நாளில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரையும் முதல் நாளே நேரில் போய்க் கூப்பிட்டு, கூடவே நிற்க வைத்து எல்லைக் கல் போடுங்கள்.