தப்பாகப் பூட்டவே முடியாதபடி நட்டும் ஸ்டட்டும் ஒட்டுவது எப்படி?

ஒட்டுசுட்டானில் ஒரு மாதர் சங்கத்துக்கு மிளகாய்த்தூள் அரைக்கும் மெசினுக்கு ஸ்டாண்ட் செய்து கொடுத்தோம். மூன்றாம் நாள் போன் வந்தது. பெல்ட் ஒரு பக்கம் நார் நாராகக் கிழிந்து, கருகின மணம் வருகிறதாம். ஊரின் பெயரிலேயே ஒட்டும் இருக்கிறது, சுட்டதும் இருக்கிறது என்று பரந்தனில் இருந்து கூட வந்த தம்பி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போய்ப் பார்த்தால் எல்லாம் இறுக்கமாகத்தான் பூட்டியிருந்தது. ஒரு போல்ட் கூடக் குறையவில்லை. மோட்டர் நிற்கும் தட்டு மட்டும் 180 பாகை திரும்பிக் கிடந்தது.

அந்தத் தட்டு 240 மில்லிமீற்றர் சதுரம். ஸ்டாண்டில் பூட்ட நான்கு மூலைத் துளைகள், 200க்கு 200. மோட்டரைப் பிடிக்கும் நீள்துளைகளை நடுவில் இருந்து 8 மில்லிமீற்றர் ஒரு பக்கமாகத் தள்ளி வெட்டியிருந்தேன். அப்போதுதான் மோட்டர்க் கப்பியும் மெசின் கப்பியும் ஒரே நேரில் வரும். தட்டைத் திருப்பிப் போட்டால் அந்த 8 மற்றப் பக்கம் போய்விடும். மோட்டரின் கால் துளைகளுக்குத் திசை கிடையாது, ஆகவே மோட்டரைச் சரியான பக்கம் பார்க்க வைத்துப் பூட்டிவிடலாம். கப்பிகள் மட்டும் 16 மில்லிமீற்றர் விலகி நிற்கும். பக்கத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, பெல்ட்டுக்குத் தெரியும்.

ஸ்டாண்டைக் கழற்றித்தான் லொறியில் அனுப்புகிறோம். அங்கே பூட்டுவது யாரோ ஒருவர், பொழுதுபட்ட பிறகு, போன் வெளிச்சத்தில். நான் கொடுத்துவிட்ட படம் லொறியிலேயே கிடந்திருக்கும். அவர் கையில் இருப்பது இரும்பு மட்டும்தான். ஆகவே பிழையாக வைத்தால் "மாட்டேன்" என்று சொல்ல வேண்டியதும் அந்த இரும்புதான்.

ஒட்டத் தெரியும், அதாவது வெல்டிங் பிடிக்கத் தெரியும், துளை போடத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: வித்தியாசமே தேவையா?

முதலில் கேட்க வேண்டியது, எப்படிப் பூட்டினாலும் சரியாக வரும்படி செய்ய முடியுமா என்பதுதான். பெல்ட் கவரைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டை முன்பு இடம், வலம் என்று தனித்தனியாகச் செய்தேன். மடிப்பை நடுவுக்குக் கொண்டு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எதை எங்கே வைத்தாலும் சரி.

முடியாது என்றால், ஆளுக்கு உடனே தெரிகிற அளவுக்கு வித்தியாசமாக்குங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. மோட்டர்த் தட்டு அந்த வகை.

அம்புக்குறி கீறுவது, "முன்" என்று பெயின்ற்றால் எழுதுவது எல்லாம் செய்து பார்த்தேன். பெயின்ற் அடிக்கிற பெடியன் அதற்கு மேலேயே பச்சை அடித்துவிட்டான்.

படி 2: ஒரு துளையை நகர்த்துங்கள், தாராளமாக

நான் வழுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான்கு துளையில் ஒன்றை இடம் மாற்றினால் தட்டு ஒரே ஒரு நிலையில்தான் இருக்கும். இது எல்லோருக்கும் தோன்றும். நானும் ஒரு துளையை 3 மில்லிமீற்றர் நகர்த்தினேன். எம் 10, அதாவது 10 மில்லிமீற்றர் தடிப்புப் போல்ட்டுக்கு 11 மில்லிமீற்றர் துளை, 1 மில்லிமீற்றர் தளர்வு, ஆகவே 3 போதும் என்று கணக்கு.

அடுத்த ஸ்டாண்ட் விசுவமடுவுக்குப் போனது. பூட்டிய தம்பி தானே போன் எடுத்தான். "அண்ணை, ஒரு துளை பிழையாப் போட்டிட்டியள். பரவாயில்லை, நான் அரத்தால ராவிச் சரியாக்கிட்டன்."

என்ன சொல்வது? அவன் வேலை தெரிந்தவன். 3 மில்லிமீற்றர் விலகிய துளையைப் பார்த்தால் எந்த வேலைக்காரனுக்கும் அது துளை போட்டவனின் பிழையாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் வட்ட அரம் இல்லாத வீடு எது?

இப்போது 20 மில்லிமீற்றர் நகர்த்துகிறேன். அதைப் பார்த்து யாரும் பிழை என்று நினைப்பதில்லை, "இது வேணுமென்று போட்டது" என்று நினைக்கிறார்கள். அரத்தால் ராவவும் ஏலாது.

எந்தத் திசையில் நகர்த்துவது? தட்டின் ஒரு விளிம்பு வழியே. மூலைவிட்டம் வழியே நடுவை நோக்கி நகர்த்தாதீர்கள். சதுரத் தட்டில் அப்படிச் செய்தால் சுற்றித்தான் போட முடியாது, கவிழ்த்துப் போட்டால் நான்கு துளையும் திரும்பப் பொருந்திவிடும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் மட்டையில் வெட்டிப் பாருங்கள். பிஸ்கற் பெட்டி மட்டை போதும். ஒரே துளை அமைப்பை இரண்டு மட்டையில் குத்தி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நான்கு பக்கமும் சுற்றுங்கள், பிறகு கவிழ்த்து இன்னும் நான்கு பக்கம். எட்டில் ஒன்றில் மட்டும் வெளிச்சம் நான்கு துளையாலும் வர வேண்டும். கணினியில் வரைகிறவர்கள் இதைச் சிரிப்பார்கள். எனக்கு மட்டைதான் பிடிக்கும், பெடியளுக்கும் காட்டலாம்.

படி 3: ஒரு ஸ்டட் தடிப்பாக

ஸ்டட் என்றால் ஸ்டாண்டில் ஒட்டி நிமிர்ந்து நிற்கும் புரிக்கம்பி. பாரமான பொருளுக்கு நட்டைவிட ஸ்டட்தான் நல்லது என்பது என் கட்சி. தட்டை மேலே கொழுவிவிட்டுக் கையை எடுக்கலாம். நட்டு என்றால் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் துளை தேட வேண்டும்.

மூன்று ஸ்டட் எம் 10, நகர்த்திய துளைக்குரியது மட்டும் எம் 12. தட்டிலும் மூன்று துளை 11, ஒன்று 13. யாராவது ஒரு துளையைப் பெருப்பித்தாலும் 20 மில்லிமீற்றர் விலகல் விடாது.

சும்மா ஒரு போல்ட்டின் தலையை வைத்து ஒட்டுவதானால் தலையில் 8.8 என்று அடித்ததை எடுக்காதீர்கள். அது சூடாக்கிக் குளிர்த்திப் பதப்படுத்திய உருக்கு, ஒட்டும் சூட்டில் பதம் கெடும், ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கவும் பார்க்கும். 4.6 அடித்ததோ, சாதாரண மெல்லிரும்புப் புரிக்கம்பியோ போதும்.

படி 4: நட்டு எந்தப் பக்கம்?

பெல்ட் கவருக்கு நட்டு ஒட்டுகிறேன். போல்ட் ஒரு பக்கத்தால் வரும், நட்டு தகட்டின் மற்றப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது இறுக்க இறுக்க நட்டு தகட்டோடு அமத்தப்படும். போல்ட் வருகிற பக்கத்திலேயே நட்டை ஒட்டினால், அடுத்த பக்கத்துச் சாமானை இறுக்கும்போது முழு இழுப்பும் ஒட்டில் விழும். ஒட்டு விட்டால் நட்டு போல்ட்டோடு சுற்றும். பொக்ஸ் பாருக்குள் (உள்ளே வெறுமையான சதுர இரும்பு) அது நடந்தால் கிரைண்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பொக்ஸ் பார் என்றால் என் வழி: இரண்டு சுவரையும் சேர்த்துத் துளைத்து, உள்ளே புரி வெட்டிய உருளைக் கம்பித் துண்டை நுழைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுவது. எந்தப் பக்கத்தால் போல்ட் வந்தாலும் சரி.

காசு இருந்தால் வெல்ட் நட்டு என்றே கேட்டு வாங்கலாம். ஜேர்மன் தர எண்ணில் ஆறு பக்க நட்டுக்கு டின் (DIN) 929, சதுர நட்டுக்கு டின் 928. 929இன் அடியில் மூன்று சிறு மொட்டும், துளைக்குள் இறங்குகிற ஒரு கழுத்தும் இருக்கும். பெரிய தொழிற்சாலைகளில் மின்சாரத்தையும் அமுக்கத்தையும் சேர்த்துக் கொடுத்து அந்த மொட்டுகளை உருக்கி ஒட்டுகிறார்கள். எங்களிடம் அந்த மெசின் இல்லை, ஆனாலும் அந்தக் கழுத்து எங்களுக்கும் உதவும். நட்டு நடுவில்தான் இருக்கும். கவிழ்த்து வைத்தால் கழுத்து மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், தூரத்தில் இருந்தே தெரியும்.

ஒட்டும்போது நட்டை ஒரு போல்ட்டால் இறுக்கிப் பிடித்து, எதிர் எதிர்ப் பக்கங்களில் சிறு பொட்டு வைத்து, பிறகு மூன்று பக்கம் ஒட்டினால் காணும். சுற்றி முழுதும் ஒட்டுவது வீண், சூட்டில் புரி சுருங்கும். பிடிக்கிற போல்ட் பித்தளையாக இருந்தால் தெறிக்கிற பொறி அதில் ஒட்டாது. ஆறின பிறகு புரி வெட்டும் டப்பை ஒரு தரம் விட்டு எடுங்கள்.

நான் 0.8 மில்லிமீற்றர் கம்பியில் மிக் (காஸ் விட்டு ஒட்டும் வெல்டிங்) பிடிக்கிறேன். ஆர்க் மட்டும் இருந்தால் 2.5 மில்லிமீற்றர் 6013 குச்சி. சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் மிக் காஸை காற்று அள்ளிக்கொண்டு போய் ஒட்டெல்லாம் புளிச்ச அப்பம் மாதிரி ஓட்டை விழும். தறப்பாள் கட்டிவிட்டு ஒட்டுங்கள்.

படி 5: எம் 8, எம் 10 நட்டுகளை விட்டுவிடுங்கள்

இதை நான் முல்லியவளையில் படித்தேன். கவரின் எம் 8 போல்ட் ஒன்று தொலைந்திருக்கிறது, ஹாட்வெயாரில் "இரண்டரை நூல்" போல்ட் வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. இரண்டரை நூல் பதினாறில் ஐந்து அங்குலம், 7.94 மில்லிமீற்றர். எம் 8 நட்டுக்குள் ஒன்றிரண்டு சுற்று நல்ல பிள்ளையாகப் போகும், பிறகு இறுகும். புரி இடைவெளி எம் 8க்கு 1.25, அதற்கு 1.41. இறுகினதும் "ஆ, பிடிச்சிட்டுது" என்று ஸ்பனரில் குழாய் போட்டு இழுத்திருக்கிறார்கள். நட்டு ஒட்டோடு கையில் வந்தது.

எம் 10 இன்னும் கள்ளம். மூன்று நூல் போல்ட் 9.53 மில்லிமீற்றர், எம் 10 நட்டுக்குள் ஆட்டத்தோடு உள்ளே போய்விடும். இறுகின மாதிரியும் இருக்கும், பிடிமானம் இருக்காது.

எம் 6க்கும் எம் 12க்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு நூல் 6.35, நாலு நூல் 12.7. அங்குலப் போல்ட் இரண்டிலும் தடிப்பு, எம் 6, எம் 12 நட்டுகளுக்குள் நுழையவே மாட்டாது. ஆகவே ஒட்டுகிற நட்டு எல்லாம் எனக்கு இப்போது இந்த இரண்டு அளவுதான்.

ஸ்டட்டில் இது தலைகீழ். எம் 10 ஸ்டட்டில் மூன்று நூல் நட்டு ஏறாது, நல்லது. எம் 12 ஸ்டட்டில் நாலு நூல் நட்டு ஒன்றிரண்டு சுற்று தளர்வாக ஏறிவிடும். அதனால் நட்டுகளை ஸ்டட்டிலேயே ஏற்றி அனுப்புகிறேன். லொறியில் புரி அடிபடாமல் இருக்கவும் அதுவே காவல்.

படி 6: முட்டை மட்டை

மீதிப் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அனுப்பினால் கடைசியில் இரண்டு மிஞ்சும். "எக்ஸ்ட்ரா குடுத்திருக்கினம்" என்று தூக்கி வைப்பார்கள். இப்போது முட்டை வாங்குகிற மட்டையை வெட்டி, ஒரு குழிக்கு ஒரு போல்ட். குழி காலியானால் வேலை முடிந்தது, ஒன்று கிடந்தால் எங்கோ பூட்டவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1961இல் ஜப்பானில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் சுவிட்சுக்குள் இரண்டு சுருள்வில்லில் ஒன்றைப் போட மறந்துகொண்டிருந்தார்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியியலாளர், இரண்டு வில்லையும் முதலில் ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டச் சொன்னார். தட்டில் மிஞ்சினால் மறந்தாயிற்று. இந்த முறைக்கு முதலில் "பாக்கா யோக்கே" என்று பெயர். பாக்கா என்றால் மடையன். ஒரு தொழிலாளி மனம் நொந்துபோக, பெயரைப் "போக்கா யோக்கே" ஆக்கினார்கள், கைமறதியைத் தடுப்பது என்று கருத்து. விசுவமடுத் தம்பியை நினைத்தால் அந்தப் பெயர் மாற்றம் நியாயம் என்று படுகிறது. துளையை ராவினவன் மடையன் இல்லை.

பின்சேர்க்கை 1: மன்னாரில் இருந்து ஒருவர், வெள்ளையாக மினுங்கும் நட்டை ஒட்டலாமா என்று கேட்டிருந்தார். அது நாகம், அதாவது சிங்க், பூசியது. வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குலைப்பன் மாதிரி நடுங்கும், ஒட்டும் ஓட்டையாகும். கறுப்பு நட்டு வாங்குங்கள். உள்ளே நைலோன் வளையம் இருக்கிற நட்டும் கூடாது, வளையம் உருகிவிடும்.

பின்சேர்க்கை 2: வவுனியாவில் ஒரு தம்பி இதைப் படித்து ஆறு ஸ்டாண்ட் செய்திருக்கிறார். ஆறிலும் தட்டு கவிழ்த்தால்தான் பொருந்துகிறதாம். மட்டைச் சோதனையும் செய்தாராம். படம் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் விளங்கியது, ஏனென்றால் நானும் ஒரு நாள் அதே பிழையை விட்டு, எழுத மறந்துவிட்டேன். ஸ்டட்டுகளை இடம் மாறாமல் பிடித்து ஒட்டுவதற்கு 6 மில்லிமீற்றர் தகட்டில் ஜிக் என்று ஒரு துளை அச்சு செய்கிறோம் அல்லவா, அந்த ஜிக்கையே கவிழ்த்து வைத்து ஒட்டியிருக்கிறார். தகட்டுக்கு மேல் கீழ் தெரியாது. ஜிக்கின் மேல் பக்கத்தில் ஒரு கைபிடியை ஒட்டுங்கள், கவிழ்த்தால் ஸ்டாண்டில் இருக்காது. மெசின் பக்க விளிம்பில் கொழுவுகிற மாதிரி ஒரு உதடும் ஒட்டினால் சுற்றியும் வைக்க முடியாது. என் ஜிக்கின் கைபிடி பழைய சைக்கிள் ஹாண்டில் துண்டு.