ஈடேல் பப் வாசலிலிருந்து ஒரு சின்ன நடை: புதிதாக நடப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயிலில், மலைப்பகுதிச் சிற்றூரான ஈடேலில் இறங்குங்கள். ஊருக்குள் மேல்நோக்கிப் போகும் சாலையின் கோடியில் ஓல்ட் நாக்ஸ் ஹெட் பப். 1965-ல் திறந்த பென்னைன் வே நெடும்பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. முழு நீளம் 268 மைல். நமக்கு அப்பர் பூத் என்ற பண்ணைக் குடியிருப்பு வரை, சுமார் இரண்டரை கிலோமீட்டர் போதும். நிதானமாகப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓஎஸ்) வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்1 காகித வரைபடம் (4 செ.மீ. = 1 கி.மீ.), மழைக்கோட்டு, விசில், தண்ணீர். செல்போனை மட்டும் நம்பாதீர்கள்; பள்ளத்தாக்கில் சிக்னல் வரும், போகும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது, குளிரும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பப்பில் சாப்பிடுவதாக இருந்தால் சமையலறை எத்தனை மணிவரை என்று கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 1: நிலையத்திலிருந்து வரும்போது பப்புக்கு எதிரே இடப்பக்கம் பிரியும் பாதையில் திரும்புங்கள். பலர் தவறுவது இங்கேதான். நேரே போனால் கிரிண்ட்ஸ்புரூக் ஓடை வழியாகப் பாறையில் தொற்றி ஏற வேண்டிவரும். பென்னைன் வே முன்பு அப்படித்தான் போனது, அதனால் பழைய குறிப்புகளை வைத்திருப்பவர்களும் குழம்புவார்கள். கம்பத்தில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். நெடும்பாதைக்கு அதுதான் அடையாளம்.

படி 2: மரநிழலில் ஓடையோரமாகச் சிறிது ஏறியதும் கதவு வரும், அதைத் தாண்டினால் புல்வெளி. அங்கிருந்து மேற்கே போங்கள். சேறாக இருந்தாலும் ஒதுங்கி நடக்காதீர்கள். ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினால் பாதை அகன்று புல் அழிந்துபோகும். மூடியிருந்த கதவை மூடிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் ஆடுகள் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

படி 3: கன்றோடு நிற்கும் மாடு தெரிந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள்: அது பாய்வது நாயின் மேல், நாய் ஓடித் தப்பிக்கும்.

படி 4: அப்பர் பூத் பண்ணைவீடுகள் வந்ததும் மணியைப் பாருங்கள். இதற்கு மேல் ஜேக்கப்ஸ் லேடர் என்னும் கற்படி வழியாகக் கிண்டர் ஸ்கவுட்டின் (636 மீ.) மேட்டுநிலத்துக்கு ஏறலாம். சமதளத்தில் நடக்க ஆகும் நேரத்தோடு, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்பது பழைய கணக்கு. புதியவர்களுக்கு இன்னும் ஆகும். மேலே மேகம் இறங்கியிருந்தால் ஏறாதீர்கள். மக்கிய செடிகளாலான கரி மண் (பீட்) பரப்பில் திசை தெரியாது. வந்த வழியே திரும்புங்கள்.