கடலோர வீட்டில் தொட்டி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணி பிளான்ட், பீஸ் லில்லி, மான்ஸ்டெரா, ஆந்தூரியம் என்று நாம் வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் பாதி, மழைக்காட்டு நிழலில் வளர்ந்து பழகியவை. மான்ஸ்டெராவின் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பனாமா வரை உள்ள காடுகள். அங்கே மழைத்தண்ணீர், இலைமக்கு, நிழல். இங்கே ராமநாதபுரம் மாவட்டக் கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பல ஊர்களில் போர் தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு, மணலிலும் உப்பு. பெங்களூரு மொட்டை மாடியில் எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படியே கீழக்கரையில் செய்தால் செடி தாங்காது. தொட்டி மாற்றிய கொஞ்ச நாளில் இலை நுனி கருகினால் கண் பட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பட்டது உப்புதான்.

முதல் தவறு கடல் மணல். வாசலைத் தாண்டினால் கிடக்கிறது, காசும் இல்லை, அதனால் அள்ளிப்போடுகிறார்கள். நன்றாகக் கழுவினால் உப்பு போய்விடும் என்பது உண்மைதான். போகாதது அதிலிருக்கும் சிப்பித்தூள். அது சுண்ணாம்பு. மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதுத் தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆற்று மணல் கிடைத்தால் சரி. இல்லையென்றால் எம்-சாண்டைச் சலித்து, தூள் போகக் கழுவி, பருமனானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதன் கூடவே வருவது, தொட்டிக்கு அடியிலும் மேலேயும் வெள்ளைக் கல்லும் பவளத்துண்டும் அடுக்கும் பழக்கம். அதுவும் சுண்ணாம்புதான். அது மட்டுமா, பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. எடுக்க வேண்டாம்.

எந்தக் கல்லாக இருந்தாலும் அடியில் அடுக்குவதே வீண் வேலை என்பது என் கருத்து. ‘தண்ணீர் வடியும்’ என்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நடப்பது வேறு. மேலே இருக்கும் மெல்லிய கலவை, தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது சொட்டச் சொட்ட நனைந்து நிறைந்த பிறகுதான் கீழே கல்லுக்குள் இறங்கும். கல் அடுக்கினால் அந்தச் சொதசொதப்பான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஓட்டையின் மேல் ஒரு வளைந்த ஓட்டுச்சில்லோ, ஒரு துண்டுக் கொசுவலையோ போதும்.

அடுத்தது தேங்காய் நார்த்தூள், கடையில் கோகோபீட் என்று விற்பது. கட்டியை உடைத்து, நனைத்து, அப்படியே தொட்டியில் போடுவது இந்தக் கரையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. மட்டையை உப்பங்கழித் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டியை நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு பழைய சேலைத்துணியில் போட்டுப் பிழியுங்கள். கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். திரும்ப ஊற்றி, திரும்பப் பிழிய வேண்டும். எத்தனை தடவை என்று தெரிய வேண்டுமானால் வீட்டு வாட்டர் ஃபில்டரைப் பார்க்க வருகிறவர் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் உதவும், விலையும் அதிகமில்லை. ஊற்றிய தண்ணீரில் ஒரு அளவு, பிழிந்த தண்ணீரில் ஒரு அளவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வரும்போது நார்த்தூள் சுத்தம். போர் தண்ணீரில் கழுவினால் இத்தனை பாடும் வீண். ஒரு உப்பை எடுத்து இன்னொன்றை ஏற்றுவதுதான் மிச்சம்.

கலவைக்கு நான் சொல்வது: கழுவிய நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த கரி அரைப் பங்கு. கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? சீமைக்கருவேலங்கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, சாம்பல் போகக் கழுவிப் போடுங்கள். சாம்பலும் காரம்தான், அதனால் கழுவாமல் போடாதீர்கள். கண்மாய் வண்டல் வயலுக்குப் பொன். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் அது இறுகிக் காற்றை அடைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. பல போர்களில் அதையும் தாண்டும். அந்தத் தண்ணீரை ஆந்தூரியத்துக்கு ஊற்றிவிட்டு உரம் போதவில்லையோ என்று யோசிப்பவர்கள் உண்டு. தொட்டி மாற்றும் நாளிலும் அதற்குப் பிறகும் காவிரித் தண்ணீர், ஐப்பசி மழையில் பிடித்து வைத்தது, ஏசியிலிருந்து சொட்டுவது, இவற்றில் எது கிடைக்கிறதோ அதை ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டாம். ஃபில்டர் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசுக்கு வாங்கும் வீடு என்றால் பத்துச் செடி வைக்காமல் மூன்று வையுங்கள். மாதம் ஒரு முறை தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால், சேர்ந்த உப்பு கொஞ்சம் இறங்கும். வடிந்ததைத் தட்டிலேயே தேங்கவிடக் கூடாது.

மானாமதுரை மண்தொட்டி பார்க்க அழகு. ஆனால் அதன் சுவர் வழியாகத் தண்ணீர் ஆவியாகி, உப்பு அங்கேயே தங்கி, விளிம்பில் வெள்ளை பூத்துவிடும். ஈரம் கேட்கும் பீஸ் லில்லியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை மண்தொட்டிக்குள் இறக்கி வைத்தால் அழகும் நிற்கும், செடியும் நிற்கும். பழைய மண்தொட்டியைத் திரும்பப் பயன்படுத்துவதென்றால் அந்த வெள்ளையைத் தேய்த்து, ஊறவைத்து எடுங்கள்.

தொட்டி அளவு: 6 அங்குலத்தில் இருப்பதை 8 அங்குலத்துக்கு மாற்றலாம், அதற்கு மேல் போகாதீர்கள். காலியான பெயின்ட் வாளி கிடக்கிறதே என்று சின்னச் செடியை அதில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து வேரை அழுக வைக்கும்.

நர்சரியிலிருந்து வந்த செடியை வெளியே எடுத்ததும் வேர்க்கட்டியைப் பாருங்கள். சிலவற்றில் வேரைச் சுற்றி மெல்லிய வலைத்துணி இருக்கும். கத்தரியால் வெட்டி எடுத்துவிடலாம். சில செடி களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே இளகிய கலவைக்குள் வைத்தால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப்போகும்; மேலே ஈரம், நடுவில் கல் போலக் காய்ச்சல். ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, விரலால் ஓரத்திலிருந்து மெல்லக் கரைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணையாவது கழற்றுங்கள். மொத்தத்தையும் குழாயடியில் பிடித்து அலசாதீர்கள், தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேரெல்லாம் அறுந்துபோகும். கறுத்து, அழுத்தினால் உறை கையோடு உருவி வந்தால் அது செத்த வேர், வெட்டிவிடலாம். வெள்ளையோ வெளிர் பழுப்போ விறைப்பாக இருந்தால் கை வைக்க வேண்டாம். நடும்போது பழைய மண்மட்டம்தான் கணக்கு. ஆட்டம் நிற்க வேண்டுமென்று தண்டைப் புதைத்தால் கழுத்து அழுகும். குச்சி நட்டுக் கட்டுங்கள்.

எப்போது மாற்றுவது? அக்னி நட்சத்திரத்தில் கூடாது. கச்சான் காற்று பேயாக அடிக்கும் ஆனி, ஆடியிலும் வேண்டாம், வேர் பிடிக்கும் முன்பே இலை வறண்டுவிடும். தை, மாசி நல்லது. புரட்டாசிக் கடைசியும் பரவாயில்லை. வாங்கி வந்த அன்றே மாற்றத் துடிப்பவர்கள் ஒரு இரண்டு வாரம் பொறுக்கலாம். மாற்றியபின் கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள்.

உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம், மண்புழு உரமே போதும். மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றும் நம் வழக்கத்தை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். வெட்டுப்பட்ட வேருக்கு அது ஆகாது, ஈயும் எறும்பும் நாற்றமும் தனிக் கதை. கல்லுப்பு போட்டுக் கழுவியிருந்தால் மேலே சொன்னதெல்லாம் திரும்ப ஆரம்பம்.

கையுறை போட மறக்காதீர்கள். ஆரம்பத்தில் சொன்ன நான்கும் சேனை, சேம்பு குடும்பம். அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இவற்றின் பாலிலும் உண்டு. கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், வாயில் போனால் எரிந்து வீங்கும். வெட்டிய இலையை ஆடு மேயும் இடத்திலோ குழந்தை தவழும் முற்றத்திலோ போட்டு வைக்காதீர்கள்.

ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட் இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். நெருக்கமாக இருப்பதை அவை பொருட்படுத்துவதில்லை. கிழங்கு தள்ளி பிளாஸ்டிக் தொட்டி பக்கவாட்டில் புடைக்கும் வரை அவற்றைத் தொட வேண்டியதில்லை.