அரூபாவில் ஜீப் சுற்றுலா: ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

கரீபியன் தீவு என்றால் தென்னந்தோப்பும் அருவியும் அடர்ந்த காடும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அரூபா அப்படிப்பட்ட தீவு அல்ல. வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பத்துக்கு வடக்கே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமும் 180 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட வறண்ட நிலம் அது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 500 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. மேற்குக் கரையில் வெண்மணல், அமைதியான கடல், வரிசையாக ஹோட்டல்கள். வடகிழக்குக் கரையிலோ பாறை, கள்ளி, புழுதி, ஓயாமல் வந்து மோதும் அலை. ஜீப் சுற்றுலா உங்களை முதல் அரூபாவிலிருந்து இரண்டாவது அரூபாவுக்கு அழைத்துப் போகிறது. இரண்டுக்கும் நடுவே வண்டியில் அரை மணி நேரத் தூரம்தான் என்பதால், கடற்கரை நாற்காலியில் சாய்ந்திருந்த அதே கோலத்தில் பலரும் ஏறிவிடுகிறார்கள். வழியில் படும் அவதிகளில் பாதி அங்கேயே ஆரம்பமாகிறது.

எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று பார்க்காமல் இருப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான் என்பேன். 'ஜீப் சஃபாரி', 'ஆஃப்ரோடு சாகசம்' என்ற பெயர்களில் அங்கே விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல. குறைந்தது மூன்று வகை உண்டு.

முதல் வகையில் வழிகாட்டியே ஓட்டுவார். லேண்ட் ரோவர் அல்லது லேண்ட் குரூசர் வண்டியின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், மேலே ஒரு கூரை, பக்கங்கள் திறந்தபடி. நீங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும். இரண்டாவது வகையில் ஆளுக்கொரு ஜீப்பைக் கொடுத்து, வழிகாட்டியின் வண்டியைப் பின்தொடரச் சொல்வார்கள். மூன்றாவது, யூடிவி என்றும் ஏடிவி என்றும் அழைக்கப்படும் சிறிய திறந்த வண்டிகள். படத்தில் பார்க்க மூன்றிலும் புழுதி பறக்கும், மூன்றிலும் எல்லோரும் கையை உயர்த்திச் சிரிப்பார்கள். ஆனால் போகுமிடம் வேறு.

தீவின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அரிக்கோக் தேசியப் பூங்கா. குகைகள், மணல்மேடுகள், புகழ்பெற்ற இயற்கைக் குளம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. யூடிவி, ஏடிவி வண்டிகளுக்கு அந்தப் பூங்காவுக்குள் அனுமதி இல்லை. ஆகவே அந்த வண்டியில் சுற்றுலா எடுப்பவர்கள் பூங்காவுக்கு வெளியே உள்ள கடற்கரைப் பாதைகள், புஷிரிபானா தங்க ஆலையின் இடிபாடுகள், ஆல்டோ விஸ்டா தேவாலயம் போன்ற இடங்களைத்தான் பார்ப்பார்கள். அவையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் குளத்தில் இறங்க வேண்டும் என்று கனவு கண்டவர், வண்டியின் தோற்றத்தில் மயங்கிப் பணம் கட்டிவிட்டு, பிறகு வழிகாட்டியிடம் சண்டை போடுவதில் பொருள் இல்லை. கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் ஓட்டுவது? பூங்காவுக்குள் போகிறதா? பூங்காவின் நுழைவுக் கட்டணம் இந்தத் தொகையில் அடங்குமா? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் மறந்து, வாசலில் நின்றுகொண்டு பணப்பையைத் தேடுகிறார்கள்.

பழைய படங்களை நம்புவதும் இதன் கிளைதான். ஆண்டிகுரி கடற்கரைக்கு அருகே, கடல் அரித்து உருவாக்கிய சுண்ணாம்புக்கல் பாலம் ஒன்று இருந்தது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். தீவின் அஞ்சலட்டைகளில் எல்லாம் அதுதான். 2005 செப்டம்பர் 2 அன்று அது இடிந்து விழுந்தது. 'இயற்கைப் பாலம்' என்ற பெயர் மட்டும் இன்றும் பயணத் திட்டங்களில் தொடர்கிறது. அங்கே நிறுத்துவார்கள், இடிந்த பாறைகளைக் காட்டுவார்கள், பக்கத்துக் கடையில் குளிர்பானம் கிடைக்கும். பாலத்தைத் தேட வேண்டாம்.

நாமே ஓட்டிவிடலாம் என்ற ஆசை

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதல் முறை போகிறவர்கள் ஓட்டாமல் இருப்பதே நல்லது. அரூபாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். இந்தியாவிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ ஓட்டிப் பழகியவருக்கு அதுவே ஒரு புதுப் பாடம். அதோடு கியர் வண்டி, முன்னால் போகும் ஜீப் எழுப்பும் புழுதி, சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏற வேண்டும் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்தால், ஓட்டுபவரின் கண் முன்வண்டியின் பின்புறத்தை விட்டு நகராது. கடலைப் பார்க்க வந்தவர் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஓட்டியே தீருவேன் என்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். புழுதி அடங்கும் அளவு இடைவெளி விடுங்கள். வழிகாட்டியின் சக்கரம் போன தடத்திலேயே போங்கள், குறுக்குவழி தேடாதீர்கள். இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சரளையில் வண்டி வழுக்கும். சேதத்துக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்ற தாளைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உங்கள் ஊரில் எடுத்த காப்பீடு கரடுமுரடான பாதைக்குப் பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதை வெளிப்படையாகவே விலக்குகின்றன. இடையில் நிறுத்தும்போது உள்ளூர் பியரான பலாஷியை நீட்டுவார்கள். ஓட்டுபவருக்கு அது சுற்றுலா முடிந்த பிறகுதான்.

ஓட்டாமல் உட்கார்ந்து வருபவர்களுக்கும் ஒரு தவறு காத்திருக்கிறது: கடைசியில் ஏறி, கிடைத்த இடத்தில் உட்காருவது. பின்சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் இருப்பவர்கள்தான் அதிகம் தூக்கிப் போடப்படுவார்கள். பக்கவாட்டு பெஞ்சில் உடல் ஒரு பக்கம் பார்க்க, வண்டி வேறு பக்கம் போவதால் சிலருக்குக் குமட்டும். சற்று முன்னதாக வந்து, முன்னோக்கிய இருக்கையையோ ஓட்டுநருக்கு நெருங்கிய இடத்தையோ பிடியுங்கள். கர்ப்பிணிகளும், முதுகுத்தண்டு, கழுத்து, மூட்டு ஆகியவற்றில் சிகிச்சை பெற்றவர்களும் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே முறை. 'மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொள்ளலாம்' என்று அம்மாவையோ மாமனாரையோ சமாதானப்படுத்தி ஏற்ற வேண்டாம். பாதை அப்படி, மெதுவாகப் போனாலும் குலுங்கும். வயதானவர்களோடு தீவைப் பார்க்க விரும்பினால் குளிரூட்டிய வேனில் ஆல்டோ விஸ்டாவும் காசிபாரிப் பாறைகளும் கலிபோர்னியா கலங்கரை விளக்கமும் தாராளமாகப் பார்க்கலாம். அவற்றுக்குத் தார்ச்சாலையோ நல்ல பாதையோ இருக்கிறது.

காற்று செய்யும் ஏமாற்று

அரூபாவும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன: ஒன்று 12.5 பாகை வடக்கு, மற்றொன்று 13. ஆகவே உச்சி வெயில் நமக்குப் பழகியதுதான். வித்தியாசம் காற்றில். கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று அங்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. திவி-திவி மரங்கள் எல்லாம் தலைசாய்த்து ஒரே திசையில் வளர்ந்து நிற்பது அதனால்தான். தீவின் கிழக்கு முனையில் வதேர் பீட் என்ற இடத்தில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதும் அதை நம்பித்தான். அந்தக் காற்று உடல் சூட்டை உணரவே விடாது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். 'வெயிலே தெரியவில்லையே' என்று சொல்லிக்கொண்டே நான்கு மணி நேரம் திறந்த ஜீப்பில் இருந்தவர், மாலையில் கழுத்தும் முழங்காலும் எரிய, தண்ணீர்ச் சத்து குறைந்து தலைவலியோடு படுப்பார். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்காகக் கடை கடையாக ஏற வேண்டியதில்லை. கடல்நீரைச் சுத்திகரித்து வரும் குழாய் நீரே அங்கே நல்ல குடிநீர். ஒரு பாட்டிலை நிரப்பிக்கொண்டால் போதும்.

வெயில் காப்புக் களிம்பிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்புகளை 2020 ஜூலை முதல் அரூபா தடை செய்திருக்கிறது. பெட்டியில் வைக்கும் முன் களிம்புக் குழாயின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். இன்னும் எளிதான வழி, முழுக்கைச் சட்டை.

தொப்பி என்றால் நாடா கட்டியது. நாடா இல்லாத தொப்பிகளைக் கள்ளிப் புதர்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளலாம். வெள்ளை உடை வேண்டாம், அந்தச் செம்புழுதி எளிதில் போகாது. மூக்கையும் வாயையும் மூட ஒரு பருத்தித் துணி. கைப்பேசிக்குக் கழுத்தில் மாட்டும் வார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் காணொளி எடுப்பது அந்தப் பாதையில் முடியாத காரியம்.

கோன்சிக் குளத்தில்

பூங்காவின் கடலோரத்தில், எரிமலைப் பாறைகள் வட்டமாகச் சூழ்ந்த ஒரு சிறு குளம் இருக்கிறது. முன்பு சொன்ன இயற்கைக் குளம் இதுதான், கோன்சி என்று பெயர். வெளியே கடல் கொந்தளிக்கும். உள்ளே பாறைகளின் காவலில் நீந்தலாம். அவ்வப்போது ஓர் அலை பாறையைத் தாண்டி வந்து உள்ளே சரியும். சாதாரணக் காரில் அங்கே போக முடியாது என்பதால்தான் ஜீப் சுற்றுலாக்களே இந்தக் குளத்தைச் சுற்றி உருவாயின.

இங்கே நடக்கும் முதல் தவறு, குளம் நிச்சயம் என்று நினைப்பது. கடல் சீற்றமாக இருக்கும் நாட்களில் இறங்க விடமாட்டார்கள். அன்று வேறோர் இடத்தில் நீந்தக் கூட்டிப்போவார்கள், அல்லது மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தீவில் மூன்று நான்கு நாள் தங்குபவர் சுற்றுலாவைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முன்னதாக வைத்தால், கடல் மறுத்துவிட்டாலும் வேறொரு நாள் மாற்றிக் கேட்க இடம் இருக்கும்.

இரண்டாவது, காலில் ரப்பர் செருப்பு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து படிகளில் இறங்கி, பிறகு கூரான, வழுக்கும் பாறைகளின் மேல் நடக்க வேண்டும். நீருக்குள்ளும் பாறைதான். காலோடு ஒட்டிய நீர்க்காலணி இல்லாமல் போகவே போகாதீர்கள். மோதிரத்தையும் சங்கிலியையும் அறையில் வைத்துவிடுங்கள். அலை உள்ளே சரியும்போது கழன்றால் தேடி எடுக்க முடியாது.

மூன்றாவது, இதில்தான் உயிராபத்து இருக்கிறது: படத்துக்காகக் கடல் பக்கப் பாறை விளிம்பில் ஏறி நிற்பது. ஐந்து நிமிடம் அலை வராமல் இருந்தால் இனி வராது என்று தோன்றும். பெரிய அலைகள் இடைவெளி விட்டுக் கூட்டமாக வருபவை. பாறைக்கு அந்தப் பக்கம் விழுந்தவரை மீட்பது எளிதல்ல. வழிகாட்டி காட்டும் இடத்தில் இறங்கி, அவர் காட்டும் எல்லைக்குள் இருங்கள். நீச்சல் தெரியாதவர் உயிர்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே எச்சரிக்கை போக்கா பிரின்ஸ், டோஸ் பிளாயா கடற்கரைகளுக்கும் பொருந்தும். மணலும் நீலமும் பார்க்க அழைக்கும். அந்த நீரோட்டத்தில் நீந்தக் கூடாது.

குகைகளில் கேடு வேறு வகை. ஃபோன்டெய்ன் குகையின் சுவரிலும் கூரையிலும் காக்கெத்தியோ பழங்குடியினர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் இருக்கின்றன. விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். குவாதிரிகிரிக் குகையில் கூரைத் துளை வழியே ஒளி விழும் இடத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். வௌவால்களின் மேல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். பாதையை விட்டு விலகினால் கள்ளி முள் மட்டும் அல்ல, அரூபாவுக்கே உரிய கிலுகிலுப்பைப் பாம்பும் இந்தப் புதர்களில்தான் வாழ்கிறது. அது ஆளைக் கண்டால் ஒதுங்கும் சாது. அதைத் தற்செயலாக மிதிக்காமல் இருப்பது நம் பொறுப்பு. வழிகாட்டியிடம் 'பாதையை விட்டு இறங்கி கொஞ்சம் வேகமாகப் போங்களேன்' என்று நச்சரிக்கும் வழக்கமும் சிலருக்கு உண்டு. வறண்ட மண்ணில் சக்கரத் தடம் ஆறப் பல காலம் ஆகும், கடற்கரை மணலுக்கு அடியில் கடலாமை முட்டைகள் இருக்கலாம். மறுக்கும் வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி; அவருக்குக் கூடுதலாக இனாம் கொடுங்கள். டாலர் எங்கும் செல்லும், சில்லறைத் தாள்களாக வைத்திருங்கள்.

கடிகாரக் குழப்பம்

சொகுசுக் கப்பலில் வந்து ஒரே பகலில் தீவைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவைப் போலக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஏற்ப அரூபா கடிகாரத்தை முன்பின் நகர்த்துவதில்லை. கோடையில் மயாமியும் அரூபாவும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அரூபா ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே கடைசி வரை வைத்திருக்கும். கரையில் தனியாகப் பதிவு செய்த காலை 9 மணி ஜீப்புக்குக் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து இறங்கினால், ஜீப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கப்பலே விற்கும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் பதிவு செய்தது தாமதமானால் காத்திருக்காது. வெளியில் பதிவு செய்பவர்கள் காலைப் பயணத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.

விமானத்தில் வருபவர்களுக்கு வேறொரு சிக்கல். அரூபாவிலிருந்து அமெரிக்கா செல்லும் பயணிகளுக்கான அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அரூபா விமான நிலையத்திலேயே முடிக்கப்படுகிறது. டெக்சாஸிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் விடுமுறைக்குப் போகும் நம்மவர்கள் பலருக்கு இது முன்கூட்டித் தெரிவதில்லை. வார இறுதி மதியங்களில் அந்த வரிசை நீளமானது, விமான நிறுவனங்கள் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதும் அதற்காகத்தான். மாலை 4 மணிக்கு விமானம், காலை 8 மணிக்கு ஜீப், 12 மணிக்கு ஹோட்டல் என்று கணக்குப் போட்டால் தாளில் சரியாகத்தான் வரும். குளித்துப் புழுதியைக் கழுவும் நேரம் அந்தக் கணக்கில் இருக்காது. கிளம்பும் நாளில் ஜீப்பே வேண்டாம்.