ரெய்ஸ் நோட்டீஸ் எங்கே போனது? போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷன்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஃபங்ஷனுக்குள், செய்தி வெளியிடும் ‘ரெய்ஸ் நோட்டீஸ்’ கட்டளையை எழுதி ஓட்டுகிறோம். சர்வர் தன் செய்திகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. உடனே ஃபங்ஷனைச் சந்தேகித்து அதைப் பிரித்து மேயத் தொடங்குவதுதான் முதல் தவறு. ஃபங்ஷன் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடியிருக்கும்.

செய்தி வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டி: அதில் வைத்த முக்கியத்துவ நிலையும் அதற்கு மேற்பட்ட நிலைகளும் மட்டுமே கடக்கும். கிளையன்ட்டுக்கு, அதாவது சர்வரோடு இணைந்திருக்கும் நிரலுக்கு, போவதை ‘கிளையன்ட்_மின்_மெசேஜஸ்’ தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு நோட்டீஸ். கோப்புக்குப் போவதை ‘லாக்_மின்_மெசேஜஸ்’ தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு வார்னிங். நோட்டீஸ் அதற்குக் கீழ்ப்பட்ட நிலை. ஆகவே திரையில் தெரிந்தாலும் கோப்பில் ஏறாது.

பலரைக் குழப்புவது ‘லாக்’ என்ற நிலைதான். கோப்பின் வரிசையில் அது எரருக்கும் மேலே நிற்கிறது. கிளையன்ட்டின் வரிசையில் நோட்டீஸுக்கும் கீழே. இயல்பு அமைப்பில் ‘ரெய்ஸ் லாக்’ கோப்பில் விழும், திரைக்கு வராது. ‘ரெய்ஸ் இன்ஃபோ’ எந்த அமைப்பிலும் கிளையன்ட்டுக்கு வந்துவிடும். கோப்பில்தான் வேண்டும் என்றால் ‘ரெய்ஸ் லாக்’ எழுதுங்கள். அதற்காக லாக்_மின்_மெசேஜஸை மிகக் கீழான டீபக் நிலை வரை இறக்காதீர்கள். தேடும் வரி குப்பைக்குள் புதைந்துவிடும்.

‘ஷோ’ கட்டளையால் மதிப்பைச் சரிபார்க்கும்போது, செயலி பயன்படுத்தும் அதே பயனராக நுழைந்து பாருங்கள். ‘ஆல்டர் ரோல்’ வழியே அந்தப் பயனருக்கு மட்டும் வேறு மதிப்பு வைத்திருக்கலாம். கிளையன்ட் நிரலையும் மறக்க வேண்டாம்: ஜாவா நிரல்களை இணைக்கும் ஜேடிபிசியில் நோட்டீஸ் எஸ்கியூஎல் வார்னிங்காக வந்து காத்திருக்கும், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பைத்தானின் சைகாப்ஜி2 நூலகம் அதை இணைப்பின் ‘நோட்டீசஸ்’ பட்டியலில் சேர்த்து வைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் செய்தி வரவில்லையா? ஓடுவது பழைய ஃபங்ஷனாக இருக்கலாம். அளவுருவின் வகையை இன்ட்டிலிருந்து (முழு எண்) பிக்இன்ட்டாக (பெரிய முழு எண்) மாற்றி ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ்’ கொடுத்தால் பழையது அழியாது. அதே பெயரில் இன்னொன்று உருவாகும். இன்ட் மதிப்போடு அழைத்தால் பழையதே ஓடும். ஃபங்ஷன்களின் விவரம் இருக்கும் ‘பிஜி_ப்ராக்’ அட்டவணையில் அந்தப் பெயர் எத்தனை முறை இருக்கிறது என்று பாருங்கள்.

செய்தியைத் தனி அட்டவணையில் இன்சர்ட் செய்வோருக்கு வேறொரு ஆபத்து. பிழை வந்து பரிவர்த்தனை ரோல்பேக் ஆனால், அதாவது செய்த மாற்றங்கள் ரத்தானால், அந்த வரிகளும் சேர்ந்து மறையும். எந்தத் தருணத்துக்காக எழுதினோமோ, அப்போதே கைவிட்டுவிடும். அங்கேயும் ‘ரெய்ஸ் லாக்’ போதும். கோப்பில் எழுதப்பட்டது ரோல்பேக்கில் அழியாது.