கம்பெனிகளின் பசுமைக் கணக்கில் நாம் ஏமாறும் இடங்கள்

ஆண்டறிக்கையின் அட்டையில் ஒரு காற்றாலை, உள்ளே மரக்கன்று நடும் பிள்ளைகள். அதைப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று மூடி வைத்துவிடுகிறோம். கணக்கு இருப்பதோ பின்பக்கங்களில், பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்ற படிவத்தில். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் இதை நிரப்பியே ஆக வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி.

சரி, தேடிப் பிடித்துப் படித்தாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: உமிழ்வுச் செறிவு. ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு கார்பன் என்ற விகிதம் அது. கற்பனையாக ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். போன வருடம் 100 கோடி விற்பனை, 1,000 டன் கார்பன். கோடிக்கு 10 டன். இந்த வருடம் விலையை ஏற்றியதில் விற்பனை 130 கோடி, கார்பன் 1,100 டன். கோடிக்குச் சுமார் 8.5 டன்தான். "செறிவை 15 சதவீதம் குறைத்தோம்" என்று தாராளமாக எழுதலாம், பொய்யில்லை. புகை மட்டும் 100 டன் கூடியிருக்கிறது.

இந்த அளவுகோல் கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. 2022-இல் இந்தியா உலகுக்குக் கொடுத்த வாக்கே அப்படித்தான்: 2030-க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்புக்கான உமிழ்வுச் செறிவை 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்றது, மொத்த உமிழ்வைக் குறைப்போம் என்று சொல்லவில்லை. இன்னும் வளர வேண்டிய நாட்டுக்கு அதில் நியாயம் இருக்கிறது. அதையே ஒரு கம்பெனி விளம்பரமாக்கும்போதுதான் பச்சைப் பூச்சு, அதாவது இல்லாத பசுமையை இருப்பதாகக் காட்டும் வேலை, ஆரம்பிக்கிறது. நல்லவேளையாக, படிவத்தில் செறிவைச் சொல்லும் அதே அட்டவணையில் சில வரிகள் மேலே மொத்த டன் கணக்கும் இருக்கும். அங்கே முதலில் பாருங்கள். அப்புறம், எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும். ஊரடங்கில் ஆலை மூடிக் கிடந்த 2020-21-இல் உமிழ்வு குறைந்ததைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பது அழகல்ல.

படிவத்தில் ஸ்கோப் 3 என்றொரு கட்டம் உண்டு: கம்பெனியின் சொந்த ஆலையிலும் அது வாங்கும் மின்சாரத்திலும் சேராமல், பொருள் தருபவர்களாலும் வாங்கியவர்களாலும் வரும் உமிழ்வு. அது காலியாக இருந்தால் விதிமீறல் என்று நினைக்க வேண்டாம். அது விருப்பப் பகுதி. ஆனால் கார் கம்பெனிக்குப் பெரும்பங்கு உமிழ்வு அங்கேதான், வாங்கியவர் எரிக்கும் பெட்ரோலில். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு 'நெட் ஜீரோ' (நிகர உமிழ்வு பூஜ்ஜியம்) என்று முழங்கினால் சந்தேகப்படலாம்.

வெளியார் சரிபார்த்த சான்று இருக்கிறதே என்றால், 2023-இல் செபி கொண்டுவந்த அந்த ஏற்பாடு படிவத்தில் தேர்ந்தெடுத்த சில அளவுகளுக்கு மட்டும்தான்.

2024 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பச்சைப் பூச்சுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். சோப்பு உறையில் 'பசுமை' என்று போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். 'எங்கள் வளர்ச்சி இயற்கையோடு இசைந்தே அமையும்' என்று பொதுவாகக் குறிக்கோள் எழுதினால் வேண்டியதில்லை. காற்றாலைப் படத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை வாக்கியம்தான்.