எலக்ட்ரான் அணுவுக்குத் திரும்பும் கணத்தை விரிதாளில் கண்டறிவது எப்படி?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மலையாளத்தில் பாடம் கேட்டுத் தமிழில் யோசிக்கும் இயற்பியல் மாணவர்கள், லேசர் ஆய்வுக்கூடம் அருகில் இல்லை என்பதற்காக அட்டோநொடி இயற்பியலை ஒதுக்கிவிட வேண்டாம் (அட்டோநொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், மீண்டும் நூறு கோடியில் ஒரு பங்கு). 1993இல் கனடா இயற்பியலாளர் பால் கார்க்கம் வெளியிட்ட எளிய விளக்கத்தை எக்செல் விரிதாளிலேயே சோதித்துப் பார்க்கலாம். லேசரின் மின்புலம் உச்சத்தை நெருங்கும்போது எலக்ட்ரான் அணுவிலிருந்து ஊடுருவி வெளியேறுகிறது. புலம் திசை மாறியதும் தாய் அயனிக்கே இழுத்துவரப்பட்டு, அதனுடன் மீண்டும் சேரும்போது தன் ஆற்றலை ஒளியாக உமிழ்கிறது.

புலத்தின் உச்சத்தைச் சுழியப் பாகையாகக் கொண்டு, எலக்ட்ரான் வெளியேறும் கணத்தின் கோணத்தை 'அ' என விரிதாளின் ஒரு சிற்றறையில் இடுங்கள். அதற்குப் பிந்தைய கோணங்களை 'ஆ' எனக் கீழ்நோக்கி ஒவ்வொரு பாகையாக நிரப்புங்கள். ஆ-வின் கோசைனிலிருந்து அ-வின் கோசைனைக் கழித்து, அதனுடன் அ-வின் சைனை (ஆ − அ)-வால் பெருக்கிக் கூட்டினால் எலக்ட்ரானின் இடப்பெயர்ச்சி ஓர் அளவுகோலில் கிடைக்கும். கணக்கிடும்போது பாகையிலுள்ள கோணங்கள் அனைத்தையும் ரேடியனாக மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தொடக்கச் சுழியத்தை விட்டுவிட்டு, குறி முதலில் மாறும் வரிசையைத் தேடுங்கள். அதுவே திரும்பும் கணம்.

அந்தக் கணத்தில் இரு சைன்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி இரண்டால் பெருக்கினால், இயக்க ஆற்றல் எலக்ட்ரானுடைய சராசரி அலைவு ஆற்றலின் எத்தனை மடங்கு என்பது தெரியும். அ-வை 0 முதல் 90 வரை மாற்றிப் பார்த்தால், 18 பாகையில் புறப்பட்டு 252 பாகையில் திரும்பும் எலக்ட்ரானே மிக அதிகமாக 3.17 மடங்கு பெறுகிறது. அ-வுக்கு −10 கொடுத்துப் பார்க்கவும் தவறாதீர்கள்: உச்சத்துக்கு முன் புறப்பட்டது திரும்புவதே இல்லை.

இனி உண்மையான அணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 800 நானோமீட்டர் அலைநீளத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 2 கோடிக் கோடி வாட் செறிவில், அலைவு ஆற்றல் ஏறத்தாழ 12 எலக்ட்ரான் வோல்ட். அதன் 3.17 மடங்குடன் ஆர்கானின் அயனியாக்க ஆற்றலான 15.8ஐக் கூட்டினால், உமிழப்படும் ஒளியின் உச்ச ஆற்றல் சுமார் 54 எலக்ட்ரான் வோல்ட் என வரும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் கால அளவு. இந்த லேசரின் ஒரு சுழற்சி 2.67 ஃபெம்டோநொடி (ஒரு ஃபெம்டோநொடி ஆயிரம் அட்டோநொடி) என்பதால், ஒரு பாகை 7.4 அட்டோநொடி ஆகிறது. 18 பாகைக்குப் பின் புறப்படும் எலக்ட்ரான்களில் ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஒரே ஒரு திரும்பும் நேரம்தான் உண்டு. முன்னதாகப் புறப்படுபவை நீண்ட பாதையில் சென்று, அதே ஆற்றலுடன் தாமதமாகத் திரும்புகின்றன. இரண்டும் கலந்தால் நிறமாலையிலிருந்து நேரத்தைப் படிக்க முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் லேசரின் குவியத்துக்குச் சற்றே பின்னால் வாயுத் தாரையை வைத்து, 18 பாகைக்குப் பின் புறப்பட்டவற்றின் குறும்பாதை ஒளியை மட்டும் வலுப்படுத்துகிறார்கள்.